எச்சில் படாத பானை

என் திராட்சைப் பந்தல் மேட்டுப் புஞ்சையில் இருந்தது. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வண்டி போகிற பாதையில் நின்றாலே தெரியும். சுற்றிலும் கீழே நெல், தென்னை, வாழை. நடுவில் என் பந்தல்.

என் பந்தல் என்றுதான் சொல்லுவேன். நிலம் என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. கொடி என்னுடையது. இவர் குற்றாலத்துப் பங்களாக்களுக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பங்களாத் தோட்டத்தில் கவாத்துப் பண்ணிப் போட்ட கொடிக் குச்சிகளை விறகுக்கு ஆகுமென்று கொண்டுவந்து போட்டார். அடுப்பில் வைக்க எடுத்தேன். கணுவில் பச்சை தெரிந்தது. வைக்க மனசில்லை. கொண்டுபோய் ஊன்றினேன். நானே தண்ணீர் விட்டேன். மூங்கில் நட்டுக் கயிறு கட்டி மேலே ஏற்றிவிட்டதும் நான்தான். அது காய்த்தபோது இவருக்கே ஆச்சரியம்.

கறுத்த பழம். சின்னது. தோல் தடிப்பு, உள்ளே கொட்டை. தின்றால் முதலில் இனிக்கும், பிறகு நாக்கைப் பிடிக்கும். அதை வாங்க ஆளில்லை. பழம் பழுப்பது வைகாசியில். குற்றாலத்துக்குச் சனம் வருவது சாரல் விழுந்த பிறகு, ஆனியிலும் ஆடியிலும். சனம் வரும்போது பழம் இருக்காது, பழம் இருக்கும்போது சனம் இருக்காது. சாரல் வரைக்கும் கொடியில் விட்டுவைக்கவும் முடியாது. நனைந்தால் வெடித்து அழுகிவிடும். தென்காசிச் சந்தைக்குக் கொண்டுபோனால் மாம்பழத்துக்குப் பக்கத்தில் இதை யார் தொடுவார்கள்? வௌவால்தான் நன்றாகத் தின்றது.

இவர் அண்ணன் பெரிய சம்சாரி, பயிர் பார்ப்பதே தொழில். கெட்டவர் இல்லை. ஆனால் காய்க்காத மரத்தையும் விலைபோகாத பழத்தையும் அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அவரும் நானும் நேருக்கு நேர் பேசியதில்லை. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் தம்பியிடம் சொல்லுவார். நான் சொல்ல வேண்டியதை இவர் வாயால் சொல்லுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் மரியாதை.

ஜெர்மன் சண்டைக் காலத்தில் ஒரு பங்குனியில் அவர் வந்து உட்கார்ந்தார்.

“ஏலே, அந்தக் கொடிக்கு எத்தன வருசமாத் தண்ணி எறைக்க? என்னத்தக் கண்ட?”

“காய்க்குல்லா அண்ணாச்சி.”

“காய்க்கு. வௌவாலு கொழுத்துப் போய்க் கெடக்கு. செங்கோட்டையில தென்னம்பிள்ளைக்குச் சொல்லிவச்சிருக்கேன். ஆடியில வந்திரும். கொடிய வெட்டிப் போட்டுட்டு அத வைப்போம்.”

இவர் கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் நான் நிற்பது இவருக்குத் தெரியும். 

அதற்கு அடுத்த மாதம்தான் சாமியார் வந்தார். தென்காசியில் ஒரு சின்ன மாதா கோயில் உண்டு. அங்கே இருந்த சாமியார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருக்கு இவர் எப்போதாவது வண்டி ஓட்டுவார். பேச்சுவாக்கில் பந்தலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சாமியார் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். காய் அப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தது.

“தாயி, பூசைக்குத் திராட்ச ரசம் வேணும். இத்தன காலம் கப்பல்ல வந்துச்சி. இப்ப சண்டையில கப்பலே இல்ல. கையில இருக்கறது ஆவணி வரைக்கும் காணாது. ரசம் இல்லாட்டா பூசை இல்ல.”

நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். ஆனால் பூசை என்றால் எனக்குத் தெரியும்.

“பூசையில அத என்ன செய்வீங்க சாமி?”

“ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பேன். அப்புறம் நான் குடிப்பேன்.”

“மொதல்ல சாமிக்குத்தானே?”

“மொதல்ல சாமிக்கு.”

“அப்பச் செய்யுதேன்” என்றேன்.

இவர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். “அது கள்ளு மாதிரி ஏறுமா சாமி?”

“ஏறும். ஒமக்கு இல்லவே” என்றார் சாமியார்.

முறையைச் சாமியார்தான் சொன்னார். அவர் படித்த மடத்தில் ஒரு பழைய சாமியார் செய்ததைப் பார்த்திருக்கிறாராம். பழம் மட்டும்தான் சேர வேண்டும். தண்ணீர் கூடாது. சர்க்கரை கூடாது. நெருப்புக் காட்டக் கூடாது. பழத்தை நசுக்கித் தோலோடு பெரிய பானையில் போட்டுத் துணி கட்ட வேண்டும். தானாகவே பொங்கும். தோல் மேலே மிதந்து வரும், காலையும் மாலையும் துடுப்பால் அமுக்கிவிட வேண்டும். சத்தம் அடங்கியதும் வடிகட்டி ஜாடியில் ஊற்றி மூட வேண்டும். ரசம் செய்யச் சர்க்கார் அனுமதியைத் தாம் கேட்டுவைப்பதாகவும் சொன்னார்.

“வெளிநாட்டுல தொட்டியில பழத்தக் கொட்டி, காலால மிதிப்பாங்க. நீங்களும் அப்படிச் செஞ்சா வேல சீக்கிரம் முடியும்.”

“சாமிக்குப் போறதக் காலால மிதிக்கவா?”

“கழுவுன காலுதான் தாயி.”

“காலு காலுதான” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஒம் பாடு. எப்படியோ ரெண்டு பானை குடுத்திரு. ஒரு வருசம் ஓடிரும்.”

ஊரில் பேச்சுக் கிளம்பியது. அண்ணன்காரருக்கும் எட்டியது. அன்று சாயங்காலமே வந்தார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னலே, சாராயம் காய்ச்சுத வீடுன்னு பேரு வாங்கப் போறியளோ?”

“சாராயம் இல்ல அண்ணாச்சி, பூசைக்கு. நெருப்பே கெடையாதாம்.”

“நெருப்பில்லாமக் காய்ச்சுதது இன்னும் விசேசம்லா.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “சாமியாரு எத்தன பானை கேட்டாரு?”

“ரெண்டு.”

“சரி. ரெண்டு பானையும் சாமியாரு எடுத்தாருன்னா கொடி நிக்கட்டும். ஒண்ணு நின்னாலும் ஆடியில தென்னம்பிள்ளதான். அவகிட்டச் சொல்லிரு.”

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். “சரின்னு சொல்லுங்க” என்றேன். இவர், “சரின்னு சொல்லுதா அண்ணாச்சி” என்றார்.

வைகாசியில் பழம் கறுத்தது. வெட்டுகிற நாளெல்லாம் விடியுமுன் தலைக்குக் குளித்தேன். ஈரத் தலையை முடிந்துகொண்டு பந்தலுக்குப் போவேன். முதல் குலையை எங்கள் அம்மனுக்கு வைத்தேன். இவருக்குச் சந்தேகம். “அம்மன் கோவிச்சுக்கிட மாட்டாளா? அவளுக்கு ஒரு கொலை, அவருக்குப் பானை பானையாவா?” என்றார். அம்மனுக்குப் பழமாகவே பிடிக்கும் என்று சொன்னேன்.

குலையை வெட்டி ஓலைக் கடகத்தில் அடுக்குவேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பழமாகக் காம்பிலிருந்து உருவுவேன். அழுகியது, வெடித்தது, கிளி கொத்தியது எல்லாம் தனியே போகும். கிளி கொத்தியதுதான் நல்ல பழம் என்பார்கள். இருக்கலாம். அது கிளியின் எச்சில். மற்றதை மரத்தொட்டியில் போட்டு உள்ளங்கையால் நசுக்குவேன். கொட்டை உடையக் கூடாது, உடைந்தால் கசக்கும் என்று சாமியார் சொல்லியிருந்தார். அம்மியில் அரைக்கிற கை எனக்கு. அந்த வேகத்தை அடக்கிக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்து நசுக்கப் பழக வேண்டியிருந்தது. பழகினேன். கை இரண்டும் முழங்கை வரைக்கும் கறுத்தது. புளிப்பு ஏறி விரலிடுக்கு வெடித்தது. சோறு பிசையும்போது எரியும். வேப்பெண்ணெய் தடவக்கூட முடியாது, பழத்தில் வாடை ஏறிவிடும்.

இவர் என் கையைப் பார்த்துவிட்டு, “யாராவது கேட்டா கரி அள்ளுதாளுன்னு சொல்லிருதேன்” என்பார்.

வாயில் ஒரு பழம் போடவில்லை. எங்கள் கோயில் கொடைக்குப் பொங்கல் வைக்கிறவள் நான். உப்புச் சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டோம். மோந்து பார்க்கவும் மாட்டோம். சாமி சாப்பிட்ட பிறகுதான் நமக்கு. கண்ணும் கையும்தான் கணக்கு. இதற்கும் அப்படித்தான் செய்தேன்.

முதல் பானை நிறைந்தது. சாமி படம் இருக்கிற அறையில், சுவர் ஓரமாக வைக்கோல் பிரிமனை போட்டு வைத்தேன். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் துணி லேசாக உப்பியது. பானையில் காதை வைத்தேன். உள்ளே பொரிகிற சத்தம். அடுப்பில்லை, நெருப்பில்லை, சோறு கொதிக்கிற மாதிரி கொதித்தது. பானை வயிற்றைத் தொட்டால் வெதுவெதுப்பு. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் காதை வைத்துவிட்டு, “உள்ள ஆரும் இருக்காவளா?” என்றார்.

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. செங்கோட்டைக் கணவாயிலிருந்து காற்று திரும்பியது. மதியத்துக்குள் மலை முக்காடு போட்டுக்கொண்டது. இரண்டாவது பானைக்குரிய பழத்தில் முக்கால்வாசி கொடியில் நின்றது. இவர் பங்களா வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் வெட்டினோம். கடகம் கடகமாக வீட்டில் குவிந்தது. வெட்டிய பழம் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கினால் தானாகவே கெட ஆரம்பிக்கும். கையால் நசுக்கினால் முடிகிற குவியலாக அது தெரியவில்லை.

இவர் போய்க் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார்.

“ஏளா, காலப் பாரு. ஒன் மொகத்தவிடச் சுத்தமா இருக்கு. தொட்டியில எறங்குதேன். ஒரு நாழியில முடிச்சிரலாம்.”

“எறங்குனா தொட்டிய ஒடச்சிருவேன்.”

“பழம் போயிரும். பானை போயிரும். கொடியும் போயிரும்ளா.”

“போட்டும். கையக் கழுவிட்டு வாங்க.”

முனகினார். ஆனால் வந்தார். நனைந்த குலைகளை அவர் துணியால் ஒற்றி ஒற்றிக் கொடுத்தார். நான் உருவினேன், நசுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவரும் நசுக்கினார். வெளியே சாரல் விழுந்துகொண்டே இருந்தது. அடுப்புப் பற்றவைக்கவில்லை. பழைய சோற்றைத் தின்றுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தோம். காலால் மிதித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எங்களுக்கு மறுநாள் பொழுது சாய்ந்தது. இரண்டாவது பானையும் நிறைந்தது. அதன் வாய்க்குத் துணி கட்டியபோது என் விரல் மடங்கவில்லை. இவர்தான் முடிச்சுப் போட்டார்.

அதற்கப்புறம் நான் வீட்டுக்குத் தூரமானேன். அந்த நாட்களில் சாமி அறைப் பக்கம் போகக் கூடாது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் இருந்தேன். அங்கிருந்தே இவருக்குச் சொன்னேன். குளித்துவிட்டுத்தான் பானையைத் தொட வேண்டும். காலையும் மாலையும் அமுக்க வேண்டும். ஒவ்வொரு பானைக்கும் அதனதன் துடுப்பு. பானைக்கு மேலே வாய் திறந்து பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

“பேசாம எப்படிளா இருக்கது?” என்றார். ஆனாலும் செய்தார்.

கடைசி நாள் காலையில் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏளா, மொதப் பானையில சத்தம் நின்னு போச்சு. செத்துப் போச்சோன்னு பயந்துட்டேன். அகப்பையில கோரி ஒரு வாயி குடிச்சுப் பாத்தேன். என்ன ருசிளா! தொண்டையில எறங்குதது தெரியுது. சாமியாருக்கு யோகம்தான்!”

நான் அவரையே பார்த்தேன்.

“திரும்பயும் கோரினியளா?”

“ரெண்டு வாயி. நல்லாத் தெரியணும்லா.”

“அதே அகப்பையா?”

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சிரிப்புப் போய்விட்டது.

“மத்தப் பானைய?”

“தொடல. அது இன்னும் கத்திக்கிட்டுத்தான் கெடக்கு.”

நான் அழவில்லை. திட்டவும் இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் குடிக்கவில்லை. மாடு சாணி போடவில்லை என்றாலும் அவருக்குப் பயம்தான். பயந்த மனுஷன் ருசி பார்த்திருக்கிறார். மறுநாள் குளித்துவிட்டு உள்ளே போனேன். முதல் பானையைச் சாமி அறையிலிருந்து இரண்டு பேருமாகத் தூக்கி வெளிச் சாய்ப்பில் வைத்தோம்.

இவர் மெதுவாகக் கேட்டார். “நான் சொல்லாம இருந்திருந்தா?”

“சொல்லிட்டியள.”

“ஆருக்குத் தெரியப் போவுது? வீட்டுல நீயும் நானுந்தான்.”

“எனக்குத் தெரியும்லா.”

“ஒரு பானை நின்னா கொடி போயிரும்.”

“தெரியும்.”

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

எச்சில் பட்டதை நெருப்பில் காட்டினால் தீட்டுப் போகும் என்று எனக்கு ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் ரசத்தில் நெருப்புப் படக் கூடாது என்பது சாமியார் சொன்ன முறை. அந்தப் பக்கம் போனால் அவர் முறை கெடும். இந்தப் பக்கம் போனால் என் முறை கெடும். ஆகவே இரண்டாவது பானையை மட்டும் பார்த்தேன்.

அது நனைந்த பழம். சாரல் குளிரில் மெல்லத்தான் பொங்கியது. சில நாள் சத்தமே வராது. சாக்கைச் சுற்றி வைப்பேன். பச்சைப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி காற்றுப் படாமல் கதவைச் சாத்துவேன். மறுபடி பொரியும். நன்றாக இருக்கிறதா, புளித்துவிட்டதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு சொட்டுப் போதும். அந்தச் சொட்டை நான் எடுக்கவில்லை. சத்தம் முழுக்க அடங்கிய பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். சாமியார் அனுப்பியிருந்த பீங்கான் ஜாடிகளில் ஊற்றித் துணி கட்டி மண் பூசி வைத்தேன். நிறம் வெளுப்பு. முதல் பானை நாவல்பழம் மாதிரி இருந்தது. இது செம்பருத்தியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி.  

ஆனிக் கடைசியில் சாமியார் வந்தார். தூறலில் குடை பிடித்துக்கொண்டு, பின்னால் கோயில் வண்டி. அதைக் கேள்விப்பட்டு அண்ணன்காரரும் வந்துவிட்டார். வாசலில் குடையோடு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போக வேண்டும். சாமியாருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. கதவுக்குப் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றேன்.

“ரெண்டு பானைன்னல்லா சொன்னேன் தாயி? ஜாடி பாதிதான் நெறஞ்சிருக்கு.”

இவர் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். சாமியார் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“தாயி, நானும் இப்ப ருசி பாத்துத்தான் எடுப்பேன். அப்ப அதுவும் எச்சிதான?”

“நீங்க பாக்கது ஒங்க பாடு சாமி. ஒங்க முறை ஒங்களுக்கு. என் வீட்டுல இருந்து போகும்போது எச்சில் இல்லாமப் போகணும்.”

“அந்தப் பானை நல்லா இருக்குன்னு ஒம் புருசனே சொல்லுதாரு. இது எப்படி இருக்குன்னு ஒனக்கே தெரியாது.”

“தெரியாது.”

“இது கெட்டுப் போயிருந்தா?”

“கொட்டிருங்க. அதத் தர மாட்டேன்.”

வாசலில் அண்ணன்காரர் தொண்டையைக் கனைத்தார். சாமியார் அதற்கு மேல் கேட்கவில்லை. பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணம் எடுத்தார். ஜாடியின் மண்ணைத் தட்டித் துணியை அவிழ்த்தார். கொஞ்சம் ஊற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மோந்தார். வாயில் விட்டார். உடனே விழுங்கவில்லை. நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

“சாமியாரு மொகத்தப் பாத்தா கசாயம் குடிச்ச மாதிரில்லா இருக்கு” என்றார் அண்ணன்காரர்.

சாமியார் விழுங்கினார். மறுபடியும் ஊற்றிக் குடித்தார்.

“வெளுப்புத்தான். லேசுதான். ஆனா சுத்தமா இருக்கு. வேற ஒரு வாசம் இல்ல. பழம் மட்டும்தான் இருக்கு.” கிண்ணத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். “இது போதும் தாயி. பூசையில சொட்டுச் சொட்டாத்தான் விடப் போறேன். சிக்கனமா விட்டா மார்கழியில ஆண்டவர் பொறப்பு தாண்டிரும். அடுத்த வருசம் ரெண்டு பானை குடு. ஒம் புருசன் வாயக் கட்டிப்போட்டுட்டுக் குடு.”

ஜாடிகளை வைக்கோல் பொதிந்து வண்டியில் ஏற்றினோம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நசுக்கிய கை இது. ஒரு சொட்டுக்கூட என் நாக்குக்குத் தெரியாது. இருந்தும் சுத்தம் என்று சொல்லிவிட்டார். என் தலையில் யாரோ பரிவட்டம் கட்டிய மாதிரி இருந்தது.

வண்டி போனதும் அண்ணன்காரர் சாய்ப்பில் இருந்த பானையைப் பார்த்தார்.

“ஒண்ணு நிக்குலே. பேச்சு பேச்சுதான்.”

“அண்ணாச்சி, அடுத்த வருசத்துக்கும் சொல்லிட்டுப் போறாருல்லா...”

“ஆடியில தென்னம்பிள்ள வந்திரும். ஆள் கூட்டி வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஒப்புக்கொண்ட பேச்சு அது.

பானை சாய்ப்பிலேயே இருந்தது. மேலே துணி மட்டும். கொட்ட எனக்குக் கை வரவில்லை. நாள் ஆக ஆக அதிலிருந்து புளித்த காடி வாடை கிளம்பியது. மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். இனி அதை மோந்து பார்ப்பதில் குற்றமில்லை. மோந்தேன். நல்ல காடி.

சீசன் பிடித்துவிட்டது. பங்களா எல்லாம் ஆள். இவர் சாப்பிடும்போது அன்றாட வண்டிக் கதை சொல்லுவார். அப்படி ஒரு நாள் சொன்னார். “பங்களா பட்லரு கெடந்து அலையுதான். கறி ஊறப்போட வினிகர் இல்லையாம். கப்பல் சரக்காம் அது. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு ஊத்துதான், தொர தட்டத் தள்ளிருதாராம்.”

“வினிகருன்னா?”

“காடிதான்.”

சோற்றைப் போட்டுவிட்டு எழுந்தேன். பானையிலிருந்து கோரி வடிகட்டினேன். இதற்கு நெருப்புக் காட்டத் தடையில்லை. மண்சட்டியில் ஒரு சூடு காட்டி எச்சில் தீட்டைப் போக்கினேன். மனுஷர் தின்பதற்கு அது போதும். ஆறவைத்து ஒரு புட்டியில் ஊற்றி இவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் வண்டியோடு பட்லரும் வந்து இறங்கினார். தலையில் தொப்பி, கையில் காலிப் புட்டிகள். “எங்கம்மா அந்தப் பானை?” என்பதுதான் முதல் பேச்சு. சாய்ப்புக்குள் போய் மோந்து பார்த்துவிட்டு, “கப்பல் சரக்கே இப்படி வராது” என்றார். அடுத்த நாள் வேறு பங்களா ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்குத் தெரிந்து ஒருவர். சிலர் ஊறுகாய்க்குக் கேட்டார்கள். ஆடி பாதியில் பானையைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் வைத்தேன். வருகிற வருஷம் இன்னும் வேண்டும் என்று பட்லர் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன்காரர் வயல் வேலையில் இருந்தார். இதையெல்லாம் காதில் வாங்கினாரோ இல்லையோ, பேச்சு மாறாதவர். ஆடி கழிகிற சமயத்தில் ஒரு காலையில் செங்கோட்டையிலிருந்து தென்னம்பிள்ளை வண்டி வந்தது. கூடவே கோடாலியோடு ஆட்கள். நான் பந்தலில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் குற்றாலத்துக்குப் போயிருந்தார்.

அண்ணன்காரர் வண்டிக்கு முன்னால் நடந்து வந்தார். பந்தல் வாசலில் நின்று தம்பியைத் தேடினார். இல்லை. என்னைப் பார்த்தார். உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒளிய அங்கே கதவு இல்லை. எனக்குப் பதிலாகச் சொல்ல ஆளும் இல்லை. கோடாலிக்காரர்கள் துண்டைத் தலையில் கட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“கொடி நிக்கட்டும். தென்னம்பிள்ளைய வாய்க்கால் கரையில வைங்க. அங்கன தண்ணி சும்மாதான் ஓடுது.”

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? வண்டிக்காரர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். அண்ணன்காரர் மலையைப் பார்த்தார். கீழே வாய்க்காலைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரிடம் சொன்னார்.

“அந்தப் பானை என்னாச்சுன்னு கேளு.”

வண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்கும் வரை நான் காத்திருக்கவில்லை.

“காலி. பங்களாக்காரங்க கொண்டு போயிட்டாங்க. அடுத்த வருசத்துக்கும் சொல்லியிருக்காங்க. சாமியாரும் ரெண்டு பானை கேட்டிருக்காரு. ரெண்டு பேருக்கும் இந்தக் கொடி காணாது. இன்னும் மூங்கில் வேணும்.”

மூங்கில் கேட்க வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

அவர் பந்தலுக்குள் இரண்டு எட்டு வைத்தார். ஒரு கொடியின் அடித்தண்டைக் கையால் பிடித்துப் பார்த்தார். என் மணிக்கட்டைவிடப் பருமன் அது. அவர் சம்சாரி. தண்டைப் பிடித்தால் வேர் தெரியும். கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“காது கேக்குல்லாலே?” என்றார் வண்டிக்காரரிடம். “வண்டியக் கரைக்கு விடு.”

அவர் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். கோடாலிக்காரர்களுக்கு வேலையில்லை. பந்தல் நிழலில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தார்கள். நான் வீட்டுக்குப் போய் அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். வெற்றிலை போட்டால் வெளியே போய்த் துப்ப வேண்டும், பந்தலுக்குள் ஒரு சொட்டு விழக் கூடாது என்று சொன்னேன். எழுந்து வெளியே போனார்கள்.